தூங்குமூஞ்சி மரத்தைத் தூங்கவிடுங்கள்

நமது ஆலய வளாகத்தின் வடகிழக்கு மூலையில், கெபிக்கும் பழைய கிணற்றுக்கும் இடையே, ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. இருவர் கைகோத்தாலும் அணைக்க முடியாத அடிமரம். ஞாயிறு மறைக்கல்வி வகுப்புகள் அதன் நிழலில் நடைபெறுகின்றன. அடக்கத் திருப்பலிக்கு வெளியூரிலிருந்து வருவோர் அதன் கீழேதான் காத்திருக்கின்றனர். மாலை மூவேளைச் செபத்திற்கு மணி அடிக்கும் வேளையில் மைனாக்கள் கூட்டங்கூட்டமாக வந்து அதில் அடைகின்றன. அதே வேளையில் மரமும் தன் சிற்றிலைகளை இணையிணையாக மடித்துக்கொள்கிறது. பெயருக்கேற்ற மரம். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பநாடுகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டிற்கு வந்த இம்மரத்தை அந்நிய மரம் என்று சொல்லி எவரும் வெட்டிவிடவில்லை. (நம்மைப் பார்த்தும் அப்படிச் சொல்வோர் உண்டாகையால், அதன்மீது நமக்கு ஒரு தனிப் பரிவு.)

இந்த மரத்தைத்தான் அடிமுதல் நுனிவரை சீரியல் விளக்குகளால் சுற்றவேண்டும் என்று திருவிழாக் குழுவினர் முடிவு செய்தனர். வளைகுடா நாட்டில் பணிபுரியும் நம் பங்கின் அன்பர் ஒருவர் முழுச் செலவையும் ஏற்பதாக எழுதினார்; எழுதியதோடு நில்லாமல், பச்சை, நீலம், ஊதா என மூன்று நிறச் சுருள்களை அட்டைப்பெட்டி நிறைய வாங்கி அனுப்பியும் வைத்தார். நாம் வேண்டாம் என்றோம். அன்றுமுதல் ஊரில் பேச்சு எழுந்தது. சாமியாருக்குக் கிறிஸ்து பிறப்பு விழாவே பிடிக்கவில்லை என்றனர் சிலர். படித்த படிப்பு தலைக்கேறிவிட்டது என்றனர் வேறு சிலர். இவற்றையெல்லாம் இருபத்தைந்தாண்டுக் குருத்துவப் பணியில் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால், நாள்தோறும் காலைத் திருப்பலிக்கு வரும் மூதாட்டி ஒருவர் கண்கலங்கிக் கேட்ட கேள்வியை அவ்வாறு ஒதுக்கிவிட இயலவில்லை. “பக்கத்துப் பங்குல பன்னெண்டு தென்னைக்கும் லைட்டு போட்டிருக்காங்க. நம்ம மாதா மட்டும் இருட்டுல நிக்கணுமா, சாமி?”

அந்தத் தாய்க்குச் சொல்லவேண்டிய மறுமொழியை இவ்விதழின் வாசகர்கள் முன்னும் வைக்கிறோம். ஏனெனில் இது நம் ஒரு பங்கின் சச்சரவன்று. மறைமாவட்டத்தின் எல்லா மூலைகளிலும் ஆலயத்து வேம்பும் பூவரசும் தென்னையும் ஆண்டுக்கு ஆண்டு கூடுதலான கம்பிகளைச் சுமந்து நிற்பதைப் பயணங்களில் பார்க்கிறோம். நவம்பர் இறுதியில் ஏறும் விளக்குகள் பொங்கலுக்கும் இறங்குவதில்லை. தவக்காலத்தில் சாம்பல் பூசிக்கொண்டு ஆலயத்தை விட்டு வெளியே வருகிறவர்களை அவை கண்சிமிட்டி வரவேற்கின்றன.

விளக்கிற்கு நாம் பகைவர் அல்லர். ஒரு கத்தோலிக்கக் குரு விளக்கிற்குப் பகைவராயிருப்பது எங்ஙனம்? நற்கருணைப் பேழையின் முன் இரவும் பகலும் ஒரு சுடர் எரிகிறது. அது எண்ணெயாலோ மெழுகாலோ எரிய வேண்டுமென்று திருப்பலி நூலின் பொது ஒழுங்குமுறையே கூறுகிறது. ஏன் அப்படி? மின்விளக்கு அதைவிடப் பிரகாசமாக எரியுமே! எரியும், ஆனால் தேயாது. எண்ணெயும் மெழுகும் எரியும்போது குறைகின்றன. தன்னைக் கொடுத்து எரிவதே அங்கே அடையாளம். பாஸ்கா புகழுரையில் திருச்சபை மெழுகைத் தந்த தேனீக்களையும் மறவாமல் நினைவுகூர்கிறது. ஒரு திரிக்காகத் தேனீயை நினைத்துப் பார்த்த திருச்சபையின் பிள்ளைகள், மைனாவை நினையாமல் மரத்தில் கம்பி சுற்றலாமா என்பதே நம் கேள்வி.

பாஸ்கா திருவிழிப்பைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். அவ்வழிபாடு இரவு கவிந்த பின்னரே தொடங்கவேண்டும் என்பது ஒழுங்கு. ஆலய விளக்குகள் அணைக்கப்படுகின்றன. வெளியே புதுத்தீ மூட்டப்படுகிறது. அந்த ஒற்றைச் சுடர் இருளுக்குள் நுழைகிறது. இருள் இல்லாவிட்டால் அந்தச் சடங்குக்குப் பொருளே இல்லை. நாம் முன்பு பணியாற்றிய ஓர் ஊரில், புதுத்தீயை மந்திரித்துவிட்டுத் திரியைக் கையில் ஏந்தித் திரும்பினோம். எதிரே வேம்பு முழுவதும் பச்சையும் சிவப்புமாய் ஓடி ஓடி எரிந்துகொண்டிருந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவிற்குப் போட்டது. சுவிட்சு எந்த அறையில் இருக்கிறது என்று யாருக்கும் நினைவில்லை. உயிர்த்த ஆண்டவரின் ஒளியைக் காணும்படி மக்களைத் திரும்பச் சொன்னோம்; சிறுவர்கள் மரத்தைப் பார்த்தார்கள். அவர்களைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இருள் என்றாலே பாவம், சாவு, அலகை என்று மறையுரைகளில் பேசிப் பேசி, கடவுள் படைத்த இரவையும் நாம் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டோம். விவிலியம் அப்படிப் பேசவில்லை. தொடக்க நூலின் முதல் அதிகாரத்தில் பகலுக்குப் பெயரிட்டவரே இரவுக்கும் பெயரிடுகிறார். 104-ஆம் திருப்பாடலைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். நீரோடைகளின் அருகே மரக்கிளைகளில் வாழும் பறவைகள் முதலில் வருகின்றன. பின்னர், கடவுளே இருளைக் கொணர்கிறார். அப்போது காட்டு உயிர்கள் நடமாடுகின்றன. கதிரவன் எழும்போது அவை ஒடுங்க, மனிதர் வேலைக்குப் புறப்படுகின்றனர். ஒரே நிலத்தை இரண்டு குடித்தனங்களுக்குப் பகலாகவும் இரவாகவும் பங்கிட்டுக் கொடுத்த வீட்டுக்காரரை அங்கே காண்கிறோம். நமக்கு விடப்பட்ட பங்கு பகல். மற்றவர் பங்கையும் நாம் இப்போது எடுத்துக்கொள்கிறோம். தானியேல் நூலில் தீச்சூளையிலிருந்த மூன்று இளைஞரின் பாடலைக் குருக்கள் கட்டளைச் செபத்தில் செபிக்கிறோம். ஆண்டவரை வாழ்த்துமாறு அவர்கள் அழைக்கும் அந்த நீண்ட வரிசையில் ஒளிக்கு அடுத்தே இருளும் நிற்கிறது. கிறிஸ்து பிறந்த நற்செய்தியோ இரவில் கிடைக்குக் காவல் இருந்தவர்களுக்கு முதலில் அறிவிக்கப்பட்டது. ஞானியர் விண்மீனைக் கண்டனர் என்றால், அதைக் காண்பதற்கு அவர்களுக்கு ஓர் இருண்ட வானம் இருந்தது என்றும் பொருள்.

இவை குருமடத்து வாதங்கள் என்று சிலர் புன்னகைக்கக்கூடும். மரத்தின் வாதத்தைக் கேட்போம்.

மரம் தூங்குமா என்று திருவிழாக் குழுக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் கேட்டார், அனைவரும் சிரித்தனர். நம்மைப்போல் கண்மூடித் தூங்குவதில்லைதான். ஆனால் இரவின் நீளத்தை அளந்தறியும் ஒரு நுட்பம் செடிகொடிகளுக்கு உண்டு. இலையிலுள்ள ஒருவகை நிறமிப்பொருள் ஒளி வந்ததையும் போனதையும் உணர்கிறது. இடையறாத இருள் எத்தனை நாழிகை நீடித்தது என்பதைக் கொண்டு, பூப்பதா, துளிர்ப்பதா, இலை உதிர்ப்பதா என்பதைப் பல தாவரங்கள் முடிவு செய்கின்றன. பகலின் நீளத்தால் பூக்கும் காலம் மாறுவதை 1920-இலேயே கார்னர், அல்லார்டு என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். பின்வந்தவர்கள், உண்மையில் அளக்கப்படுவது இரவே என்றும், நள்ளிரவில் சிறிது நேரம் ஒளி பாய்ச்சினாலே சில செடிகளின் கணக்கு குலைந்துவிடுகிறது என்றும் கண்டனர். வணிகர்கள் இதை நம்மைவிட நன்றாக அறிவர். வியட்நாமின் பின்துவான் பகுதியில் டிராகன் பழத் தோட்டங்களில் இரவெல்லாம் விளக்கெரித்துப் பருவமல்லாப் பருவத்தில் பூக்கவைக்கின்றனர். அவ்வளவு தூரம் போவானேன்? நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்போரைக் கேளுங்கள். முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய பதினாறு மணி நேரம் வெளிச்சம் காட்டுவது எதற்காக என்று அவர்கள் சொல்வார்கள். விளக்கு வெறும் அலங்காரமன்று. உயிரின் உடலுக்குள் புகுந்து கட்டளையிடும் ஒன்று. காசுக்காகச் செய்யும்போது இது நமக்குத் தெரிகிறது. பக்திக்காகச் செய்யும்போது மறந்துவிடுகிறது.

இனி அந்தக் கம்பி. மரத்தின் உணவு இலைகளில் உருவாகிப் பட்டையின் உட்புறத்து மென்படலத்தின் வழியே வேருக்கு இறங்குகிறது. இறுகச் சுற்றிய கம்பி ஆண்டுக்கணக்கில் நீடித்தால், பருக்கும் கிளையை அது அறுக்கிறது. மேலே சொன்ன அதே ஊரில், பழைய இரும்புக் கம்பியொன்றை வேம்பு தன் பட்டைக்குள் விழுங்கிவிட்டிருந்ததை நாமே தொட்டுப் பார்த்திருக்கிறோம். அதற்கு மேலிருந்த கிளை பட்டுப்போயிருந்தது. ஆணி அடிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆணிகளைப் பற்றிக் கிறிஸ்தவர்களுக்கு மறையுரை ஆற்றவேண்டிய நிலை வந்தது வெட்கம்.

பறவைகளின் வழக்கோ இன்னும் எளியது. நம் கோவில்பிள்ளை அதிகம் படித்தவரல்லர். சில ஆண்டுகளுக்கு முன், நாம் இங்கு வருவதற்கு முந்திய திருவிழாவொன்றில், இதே மரத்தின் தாழ்ந்த கிளைகளில் மட்டும் பத்து நாள் விளக்குப் போட்டிருந்தார்களாம். “அந்தப் பத்து நாளும் மைனா வந்து சுத்திச் சுத்திக் கத்திட்டுப் போயிரும் சாமி. கிழக்கால புளியந்தோப்புல போயி நெருக்கிக்கிட்டு ஒக்காரும்” என்றார். பெத்லகேமில் இடம் கிடைக்காதவர்களைப் பற்றிய நாடகத்தை மேடையில் நடத்திக்கொண்டு, மேடைக்குப் பின்னாலிருந்த மரத்திலிருந்து குடியிருந்தவர்களை விரட்டியிருக்கிறோம்! கடற்கரைப் பங்குகளுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. சனவரி முதல் நம் கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சம் மிகுந்த திசையே கடல் என்று நம்பி நடக்கும் இயல்புடையவை; கரையோரத்துத் தென்னைகளில் விளக்கெரிந்தால் அவை ஊருக்குள் நடந்து வந்து, நாய்க்கும் வெயிலுக்கும் இரையாகின்றன. மீனவ மக்கள் இதை நமக்குச் சொல்லித்தரத் தக்கவர்கள்.

சிவகங்கை மாவட்டத்தில் பொத்தகுடி என்றொரு சிற்றூர். 2020-ஆம் ஆண்டில், தெருவிளக்குகளை இயக்கும் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. சுவிட்சைப் போட்டால் பறவை அஞ்சி ஓடிவிடும் என்று, ஊரார் கலந்து பேசி, குஞ்சுகள் பறக்கும்வரை ஒரு மாதத்திற்கும் மேலாகத் தெருவிளக்கு இல்லாமலேயே இருந்தனர். அதே மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வலசை வரும் பறவைகள் மிரளாதிருக்கத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்கள் திருத்தந்தையின் சுற்றுமடலைப் படித்துவிட்டு அப்படிச் செய்யவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘லவுதாத்தோ சி’ மடலை வெளியிட்டபோது, அதை ஒவ்வொரு அன்பியத்திலும் வாசித்தவர்கள் நாம். ஒவ்வோர் உயிரும் தான் இருப்பதனாலேயே இறைவனை மாட்சிப்படுத்துகிறது என்ற அதன் போதனைக்குக் கருத்தரங்கு நடத்தியவர்களும் நாம். கருத்தரங்கு நடந்த மண்டபத்தின் வாயிலில் நின்ற மரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தமிழ் மரபுக்கும் இது புதிதன்று. நற்றிணையின் 172-ஆம் பாடலில் ஒரு பெண், தான் விளையாட்டாய் மண்ணில் அழுத்திய விதையிலிருந்து முளைத்து வளர்ந்த புன்னையைத் தன் உடன்பிறந்தவள் என்று தாய் சொன்னதை நினைத்து, அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச நாணுகிறாள். உடன்பிறந்தவளுக்குக் கம்பி சுற்றி யாரேனும் வேடிக்கை பார்ப்பார்களா? வேளாங்கண்ணி மரபிலும், பால் சுமந்த சிறுவன் இளைப்பாறியது குளக்கரை ஆலமரத்தின் நிழலில்தான். நம் அன்னையின் பக்தி வரலாற்றிலேயே மரத்திற்கு ஓர் இடம் இருக்கிறது. அது விளக்குக் கம்பத்தின் இடமன்று.

மாற்றுக்கருத்துடையோர் சொல்வதையும் கேட்டோம். அவர்களில் அறிவாளிகள் உரோமையைக் காட்டுகின்றனர். புனித பேதுரு சதுக்கத்திலேயே பெரிய மரத்தில் விளக்கு எரிகிறதே, திருத்தந்தையைவிட நீர் பெரியவரோ என்கின்றனர். அவ்வழக்கம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் காலத்தில், 1982-இல் தொடங்கியது. அங்கே நிறுத்தப்படுவது குளிர்நாட்டு மலைக்காட்டிலிருந்து வெட்டிக் கொண்டுவரப்படும் மரம். வேரோடு நின்று பறவைகளுக்கு வீடளிக்கும் மரமன்று. அப்படி வெட்டுவதுகூடச் சரியா என்று 2024-இல் இத்தாலியிலேயே எதிர்ப்பு எழுந்து, பல்லாயிரவர் கையெழுத்திட்டனர். மேலும், திசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும் நாட்டில், குளிரில் ஒடுங்கிய மக்களுக்கு அது ஓர் ஆறுதல். மரத்தில் மின்விளக்கு தொங்கவிடும் பழக்கமோ பெத்லகேமிலும் பிறக்கவில்லை, உரோமையிலும் பிறக்கவில்லை. 1882-இல் நியூயார்க்கில், எடிசனின் மின்தொழிலில் உடன் உழைத்த எட்வர்டு ஜான்சன் என்பவர், தம் வீட்டுக்குள் வைத்த மரத்தில் எண்பது சிறு விளக்குகளை எரித்துக் காட்டினார். புதிய சரக்கிற்கு நல்ல விளம்பரம். அதனால் மட்டுமே அது தீதென்று சொல்ல மாட்டோம். ஆனால் திருச்சபையின் மரபு என்று அதற்குப் பொன்முலாம் பூசவேண்டாம்.

இப்போதெல்லாம் எல்.இ.டி. விளக்குகள்தாமே, மின்சாரச் செலவே இல்லையே என்பது மற்றொரு வாதம். செலவு குறைந்தது உண்மை. குறைந்ததனால் என்ன நேர்ந்தது? முன்பு ஒரு மரத்திற்குப் போட்டவர்கள் பன்னிரண்டு மரத்திற்குப் போடுகின்றனர். பத்து மணிக்கு அணைத்தவர்கள் விடியும்வரை விட்டுவிடுகின்றனர். வழிபாட்டுத் தலங்களுக்கு மின்வாரியம் தனிக் கட்டண விகிதம் வைத்திருப்பது வழிபடுவதற்காக. நள்ளிரவு இரண்டு மணிக்கு ஆளில்லாத வளாகத்தில் எரியும் தென்னையை யார் வழிபடுகிறார்கள்?

பக்கத்துப் பங்கு என்ற வாதத்திற்கு மறுமொழி கூற நாம் விரும்பவில்லை. அப்பங்கின் தந்தை நம் நண்பர். அவருக்கும் இதே தலைவலி, நம் ஊரைக் காட்டி.

கனமான காரணத்திற்கு இப்போது வருகிறோம். 2022 ஏப்ரல் 27-ஆம் நாள் தஞ்சையை அடுத்த களிமேட்டில் தேர் உச்சி உயரழுத்த மின்கம்பியில் பட்டுப் பதினொருவர் மாண்டனர். 2025 மார்ச் 1-ஆம் நாள் குமரி மாவட்டத்து இனயம் புத்தன்துறையில், ஆலயத் திருவிழா ஏற்பாட்டின்போது இரும்பு ஏணியொன்று மேலே சென்ற மின்கம்பியைத் தொட, நால்வர் உயிரிழந்தனர். இவை மரவிளக்கினால் நேர்ந்தவை அல்ல. அப்படிச் சொல்லி அக்குடும்பங்களின் துயரத்தை நம் வாதத்திற்குக் கருவியாக்க மாட்டோம். ஆயினும் உயரமும் ஈரமும் இரும்பும் அவசரமும் திருவிழா நாள்களில் ஒன்றாகக் கூடுகின்றன என்பதை அவை சொல்லாமல் சொல்கின்றன. சீரியல் விளக்கில் ஒவ்வொரு பல்பும் சிறிதளவு மின்னழுத்தத்தில்தான் எரிகிறது. அதனால் அது விளையாட்டுப் பொருள் என்று எண்ணுகிறோம். செருகியிருக்கும் முனையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டும் முழுமையாக நிற்கிறது. நாடா சுற்றிய ஒட்டு ஒன்று அவிழ்ந்தால், அணில் ஒருமுறை கடித்தால், வடகிழக்குப் பருவமழையில் நனைந்த கிளை முழுவதும் மின்கம்பியாகிறது. நம் கிறிஸ்து பிறப்பு விழாவோ மழைக்காலத்தின் வாலில் வருகிறது.

இதை நாம் நூலறிவால் எழுதவில்லை. வேம்பு இருந்த அந்த ஊரில், கொடியேற்றத்திற்கு முந்தின நாள் மாலை, ஒலி-ஒளி அமைப்பவரிடம் வேலை செய்த ஒரு பையன் மரமேறினான். பதினேழு வயதிருக்கும். நம் மறையைச் சேர்ந்தவனும் அல்லன். மதியம் தூறல் விழுந்திருந்தது. பாதி மரம்வரை விளக்குகளைக் கட்டிவிட்டு அவன் இறங்கப் பார்த்தான். கீழே நாற்காலியில் அமர்ந்திருந்த நாம், “தம்பி, உச்சிக் கிளையையும் விட்டுவிடாதே, தூரத்திலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும்” என்றோம். அவன் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் ஏறினான். சோதித்துப் பார்ப்பதற்காக யாரோ விளக்கைப் போட்டார்கள். அவன் விழுந்த ஓசை ஒலிபெருக்கியில் ஓடிய பாட்டில் எவர்க்கும் கேட்கவில்லை. கோயில் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் கூக்குரலிட்ட பின்புதான் திரும்பிப் பார்த்தோம். உயிர் பிழைத்தான். இடுப்பெலும்பு முறிந்து, ஒரு கால் குட்டையாகிவிட்டது.

மறுநாள் கொடி ஏறியது. மரமும் எரிந்தது, உச்சிக்கிளை உட்பட. வேறொருவரை வைத்து முடித்துவிட்டார்கள். நாம் தடுக்கவில்லை. திருவிழாச் செலவுக் கணக்கில் ‘மின் அலங்காரம்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் அவனுடைய மருத்துவச் செலவையும் சேர்த்து எழுதினார்கள்; நாம் கையெழுத்திட்டோம். அவ்வாண்டு பங்கின் ஏழை மாணவருக்குக் கொடுத்ததைப்போல் மும்மடங்கு அத்தொகை. இரண்டு முறை அவன் வீட்டிற்குச் சென்றோம். இரண்டாம் முறை அவன் தாய் நமக்குத் தேநீர் கொடுத்து, “நீங்க என்ன சாமி பண்ணுவீங்க, அவன் நேரம்” என்றார். அந்தச் சொல்லை மறுத்து, “இல்லை அம்மா, நான்தான் ஏறச் சொன்னேன்” என்று சொல்ல அன்று நமக்கு வாய் வரவில்லை. இதற்காக நாம் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்புப் பெற்றோம். மரத்தைப் பார்த்து அண்ணாந்து நிற்கும்போதெல்லாம் அச்சிரிப்பு நினைவிற்கு வருவதை மன்னிப்பு நிறுத்திவிடவில்லை.

தூரத்திலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும். நம் விருப்பத்தின் உள்ளே இருந்தது அதுதான். அன்னைக்கு அன்று. நெடுஞ்சாலையில் போகிற பேருந்துக்காரருக்கு, பக்கத்து ஊருக்கு, மறைமாவட்டத்தில் நம் பெயர் பேசப்படுவதற்கு. மக்கள் பார்க்கவேண்டுமென்று செய்யப்படும் பக்திக்கு அதன் கைம்மாறு ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறியது தொழுகைக்கூடத்துக்காரர்களை நோக்கி என்றுதான் அதுவரை போதித்துவந்தோம். உபயதாரரின் பெயரும் விளக்கிலேயே எழுதப்படும் இந்நாளில் அதைத் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கிறது. உபயம் செய்பவர்களை நாம் இகழவில்லை. அயல்நாட்டு வெயிலில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஊர்க்கோயிலை நினைக்கும் மனம் பெரிய மனம். அந்த மனத்திற்கு வேறு வழி காட்டாமல், மரத்தைக் காட்டிய குற்றம் எங்களைப் போன்ற குருக்களுடையது.

அன்னை இருட்டில் நிற்க வேண்டுமா என்று கேட்ட தாய்க்கு நாம் சொன்னது இதுதான். கெபியில் எண்ணெய் விளக்கு எரியும். எண்ணெய் நீங்களே கொண்டுவாருங்கள், அம்மா. கோபுரத்தில் விண்மீன் ஒன்று தொங்கும். வாயிற்படிகளிலும் மதிலிலும் விளக்குகள் இருக்கும், மின்விளக்குகளும்தாம். அவை கட்டடத்தில் இருக்கும், உயிரில் இரா. மின்கசிவு நேர்ந்தால் தானே துண்டித்துவிடும் கருவியைப் பதிவுபெற்ற மின்பணியாளரைக் கொண்டு முதலில் பொருத்திவிட்டுத்தான் ஒரு பல்பும் ஏறும். இரவுத் திருப்பலி நாள் தவிர மற்ற நாள்களில் ஒன்பது மணிக்குக் கோவில்பிள்ளை அணைத்துவிடுவார். திருக்காட்சி விழா கழிந்து ஆண்டவரின் திருமுழுக்கு விழாவன்று எல்லாம் இறங்கிவிடும். மரத்தடியில் குடில் அமைப்பதற்குத் தடையில்லை. மாட்டுக்கும் கழுதைக்கும் மைனா அயலார்தாமே. அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, “எண்ணெய் நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா?” என்று கேட்டார். அவரளவில் வழக்கு முடிந்தது.

குழுவினரில் மூவர் இன்னும் நம்மோடு பேசுவதில்லை. ஆயர் இல்லத்திற்கு ஒரு மனுவும் போயிருக்கிறது என்று கேள்வி. கூப்பிட்டுக் கேட்டால் இக்கட்டுரையையே கொடுத்துவிட எண்ணியிருக்கிறோம். வளைகுடா அன்பருக்கு நீண்ட கடிதம் எழுதினோம்; அந்தப் பையனின் கதையையும் மறைக்காமல் எழுதினோம். இதுவரை மறுமொழி இல்லை. அட்டைப்பெட்டி பொருளறையில், பழைய தேர்த்துணிகளுக்குப் பக்கத்தில், பிரிக்காமல் இருக்கிறது. அவருடைய உறவினர் எவரேனும் வந்து பெற்றுச் செல்லலாம். மண்டபத்திற்கோ மதிலுக்கோ தாராளமாகப் பயன்படுத்தட்டும். மரத்திற்கு அல்ல என்று ஒரு தாளில் எழ்திக் கையெழுத்திட்டுவிட்டு எடுத்துச் செல்லவேண்டும். தாளும் பேனாவும் பெட்டியின் மேலேயே வைத்திருக்கிறோம்.